தட்டம்மைச் செய்தியில் அடிபடும் மெனோனைட்கள்: அந்த வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையிலிருந்து ஒரு விளக்கம்

2025 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், கெயின்ஸ் என்ற கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) தட்டம்மை பரவத் தொடங்கியது. மணல்வாரி என்று ஊர்ப்பக்கம் சொல்வோமே, அதே நோய்தான். ஆகஸ்டில் அது ஓய்ந்தபோது அந்த மாநிலத்தில் மட்டும் 762 பேருக்கு நோய் உறுதியாகியிருந்தது. தடுப்பூசி போடாத இரண்டு சிறுமிகள் இறந்திருந்தார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், டெக்சஸ், மெக்சிகோவின் சிவாவா மாநிலம் ஆகிய மூன்று இடங்களிலும் பரவியது ஒரே மரபணு வகை வைரஸ். அந்த ஆண்டு நவம்பரில், தட்டம்மையை ஒழித்த நாடு என்ற தகுதியைக் கனடா இழந்தது.

இந்தச் செய்திகள் எல்லாவற்றிலும் 'மெனோனைட்' என்ற சொல் வந்தது. கூடவே நீண்ட பூப்போட்ட உடையும் தலைத்துணியுமாக நிற்கும் பெண்களின் படமும் வந்தது. படித்தவர்களில் பலர், இவர்கள் மதம் தடுப்பூசியைத் தடுக்கிறது போலிருக்கிறது என்று முடிவுகட்டினார்கள். அப்படி ஒரு தடை அவர்கள் மதத்தில் கிடையாது. வேத வசனங்களில் காரணம் தேடினால் கிடைக்காது. ஒரு பக்தியுள்ள மெனோனைட் பெண் எந்தப் பள்ளிக்குப் போகிறாள், எந்த மொழி பேசுகிறாள், யாரை மணக்கிறாள், சொத்து எப்படிப் பிரிகிறது, உறவுகள் எந்தெந்த நாட்டில் இருக்கின்றன என்று பார்த்தால்தான் கிடைக்கும். இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில், யார் இவர்கள்?

மெனோனைட்கள் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினர். 1525 ஜனவரி 21 அன்று சூரிச் நகரில் ஒரு சிறு குழு வீட்டுக்குள் கூடி, ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டது. எல்லோரும் குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஆனால் விவரம் தெரியாத வயதில் பெற்றது செல்லாது, விசுவாசத்தை அறிந்து அறிக்கை செய்பவருக்கே ஞானஸ்நானம் என்பது அவர்கள் வாதம். இவர்களை அனபாப்டிஸ்டுகள், அதாவது மறுஞானஸ்நானிகள் என்று எதிரிகள் அழைத்தார்கள். 1536-ல் கத்தோலிக்கக் குருப்பட்டத்தைத் துறந்து இவர்களோடு சேர்ந்த மென்னோ சைமன்ஸ் என்பவரின் பெயரால் ஒரு பிரிவுக்கு மெனோனைட் என்ற பெயர் நிலைத்தது. ஆமிஷ் என்பவர்கள் 1690-களில் இதே மரபிலிருந்து பிரிந்தவர்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஆயுதம் எடுக்கக் கூடாது, சத்தியப்பிரமாணம் செய்யக் கூடாது, அரசும் சபையும் ஒன்றாகக் கூடாது. இந்த மூன்றும் எல்லா மெனோனைட்களுக்கும் பொதுவான அடிப்படை. போப் போன்ற தலைமை கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் ஒழுங்கைத் தானே வகுத்துக்கொள்கிறது. அதனால் 'மெனோனைட்கள் இப்படித்தான்' என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

ஞானஸ்நானத்துக்காக உயிரை விட்ட பெண்கள்

1529-ல் புனித ரோமானியப் பேரரசின் ஆணை மறுஞானஸ்நானத்துக்கு மரணதண்டனை விதித்தது. தண்டிக்கப்பட்டவர்களில் பெண்கள் கணிசம். ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மாய்க்கன் வென்ஸ், ஆன்ட்வெர்ப் நகரத்துப் பெண். கணவர் கொத்தனார், சபையில் போதகர். 1573-ல் மாய்க்கன் பிடிபட்டார். சிறையிலிருந்து கணவருக்கும் மூத்த மகன் அட்ரியானுக்கும் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அக்டோபரில் அவரை எரித்தார்கள். போகும் வழியில் கூட்டத்தைப் பார்த்து அவர் பேசிவிடக் கூடாது என்று நாக்கைத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். பதினைந்து வயது அட்ரியான் தன் மூன்று வயதுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெஞ்சின் மேல் நின்றான். தாயைக் கொண்டுவந்தபோது மயங்கி விழுந்தான். எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்தபின் சாம்பலைக் கிளறி அந்தத் திருகாணியைத் தேடி எடுத்துக்கொண்டான். தம்பியோடு அவன் சாம்பலைத் துழாவும் காட்சியை யான் லாய்க்கன் என்ற ஓவியர் செதுக்கினார். 1685-ல் வெளிவந்த தியாகிகள் வரலாற்று நூலில் அது அச்சானது.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. தடித்த அந்த நூல் பல மெனோனைட் வீடுகளில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அரசு என்றால் தாயின் நாக்கைக் கட்டியது என்ற நினைவு, படத்தோடு, பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. சுகாதாரத் துறை ஊழியர் கதவைத் தட்டும்போது வீட்டுக்குள் இருக்கும் தயக்கத்துக்கு வேர் இவ்வளவு ஆழத்தில் இருக்கிறது.

'பழைய காலனி' என்ற பெயரும் அது நடந்த தூரமும்

செய்திகளில் வரும் சிவாவா, சீமினோல் (கெயின்ஸ் கவுண்டியில் உள்ள ஊர்), பொலிவியா மக்களில் பெரும்பாலோர் 'பழைய காலனி' மரபில் வந்தவர்கள். அவர்கள் பாதை இது:

1. நெதர்லாந்துப் பகுதியிலிருந்து தப்பி, 16-ஆம் நூற்றாண்டில் டான்சிக் (இன்றைய போலந்தின் க்டான்ஸ்க்) அருகே விஸ்துலா ஆற்றுக் கழிமுகத்துக்கு வந்தார்கள். சதுப்பு நிலத்தை வடித்து விளைநிலமாக்குவதில் தேர்ந்தவர்கள் என்பதால் இடம் கிடைத்தது. அங்கே பழகிய கீழ்ஜெர்மன் பேச்சுதான் இன்றுவரை வீட்டுமொழி. பெயர் பிளாவ்ட்டீட்ச்.

2. ரஷ்யப் பேரரசி கேத்தரின் அழைப்பை ஏற்று, 1789-ல் இன்றைய உக்ரைனின் கோர்ட்டிட்சாவில் குடியேறினார்கள். பின்னால் வந்த குடியேற்றங்களிலிருந்து பிரித்துச் சொல்ல, முதலில் வந்த இதற்குப் 'பழைய காலனி' என்று பெயர்.

3. 1870-களில் ரஷ்யா கட்டாய ராணுவ சேவையைக் கொண்டுவந்தது. 1874 முதல் சுமார் 7,000 பேர் கனடாவின் மனிடோபாவுக்குக் கிளம்பினார்கள்.

4. முதல் உலகப்போர்க் காலத்தில் மனிடோபா, ஆங்கிலவழி அரசுப் பள்ளியைக் கட்டாயமாக்கியது. பிள்ளைகளை அனுப்பாத பெற்றோருக்கு அபராதமும் சிறையும் கிடைத்தன. 1921-ல் மெக்சிகோ அதிபர் அல்வாரோ ஒப்ரேகான் ஒரு உரிமைப் பத்திரம் கொடுத்தார். ராணுவ சேவை இல்லை, சத்தியப்பிரமாணம் இல்லை, சொந்தப் பள்ளி நடத்தலாம் என்பன அதன் சாரம். 1922 மார்ச் முதல் ரயில் ரயிலாக மக்கள் சிவாவாவின் குவாவ்தேமோக் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

5. நிலம் போதாமல், வறட்சி தாங்காமல், அல்லது மின்சாரமும் காரும் ஊருக்குள் வருவதை ஏற்காமல் அங்கிருந்தும் கிளைகள் பிரிந்தன: 1958-ல் பெலீஸ், 1960-களின் இறுதியில் பொலிவியா, 1977-ல் டெக்சஸின் சீமினோல். இன்னொரு கூட்டம் 1950-களிலிருந்தே ஒன்டாரியோவுக்குத் திரும்பி, தக்காளி, வெள்ளரித் தோட்டங்களில் வேலைக்குப் போனது.

நான்காவது புள்ளியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ராணுவத்துக்காக ஒருமுறை நாடு மாறினார்கள், பிள்ளைகளின் பள்ளிக்காக இன்னொருமுறை. பள்ளி அவர்களுக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

அந்தப் பெண்ணின் வாழ்நாள்

இனி வருவது கட்டுப்பாடு மிகுந்த பழைய காலனி ஊர்களின் நடைமுறை. சீமினோலிலும் குவாவ்தேமோக்கிலும் இன்று இதிலிருந்து வெகுதூரம் விலகிவிட்ட சபைகள் பல உண்டு.

பெண்பிள்ளை ஆறு வயதில் ஊர்ப்பள்ளிக்குப் போகிறாள். பாடம் நான்கு படி: அரிச்சுவடி, வினாவிடைப் போதனை, புதிய ஏற்பாடு, முழு வேதாகமம். எல்லாம் உயர்ஜெர்மனில். வீட்டில் பேசுவதோ கீழ்ஜெர்மன். ஆக, அவள் மனப்பாடம் செய்யும் மொழி ஒன்று, சிந்திக்கும் மொழி வேறு, சுற்றியுள்ள நாட்டின் மொழியான ஸ்பானிஷ் மூன்றாவது. அந்த மூன்றாவது மொழி பெரும்பாலும் ஆண்களுக்கே வாய்க்கிறது. பால் விற்க, டிராக்டர் பாகம் வாங்க, சந்தைக்குப் போவது அவர்கள்தான். பன்னிரண்டு வயதில் பெண்ணின் படிப்பு முடிந்துவிடுகிறது.

பிறகு பால் கறவை, தையல், தோட்டம். சிவாவாவின் மெனோனைட் பாலாடைக்கட்டி மெக்சிகோ முழுக்கப் பேர்பெற்றது. அந்தப் பாலைக் கறந்ததில் பெண்களின் கைகளுக்குப் பெரும்பங்கு. சனிக்கிழமை சுவீபாக் சுடுவார்கள். ஒரு மாவுருண்டையின் மேல் சின்ன உருண்டை ஒன்றை அழுத்தி வைத்துச் சுடும் ரொட்டி அது. ஞாயிற்றுக்கிழமை அடுப்பு வேலை குறைவு. ஆராதனை முடிந்து பிற்பகலில் உறவினர் வருவார்கள். சுவீபாக், ஜாம், பாலாடைக்கட்டி, காபி வைத்து 'ஃபாஸ்பா' என்ற சிற்றுண்டி நடக்கும். இதே ரொட்டியை வாட்டிக் காயவைத்து மூட்டை கட்டித்தான் கப்பலிலும் ரயிலிலும் கண்டம் கடந்தார்கள்.

உடையைப் பற்றி வெளியார் அதிகம் கேட்கிறார்கள். உலகத்துக்கு "ஒத்த வேஷந்தரியாமல்" இருங்கள் என்று பவுல் ரோமருக்கு எழுதியதை இவர்கள் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்கிறார்கள். தலைத்துணிக்கு ஆதாரம் 1 கொரிந்தியர் 11. தமிழ்ச் சபைகளில் ஜெபவேளையில் பெண்கள் முக்காடு போடுவதற்கும் அதே அதிகாரம்தான் ஆதாரம். மணமாகாதவளுக்கு வெள்ளைத்துணி, மணமானவளுக்குக் கறுப்பு.

பதினெட்டிலிருந்து இருபத்தொன்றுக்குள் ஞானஸ்நானம். வினாவிடைப் போதனையை மனப்பாடமாகச் சபைமுன் ஒப்பிக்க வேண்டும். ஞானஸ்நானம் பெறாதவர் சபையில் மணக்க முடியாது. இங்கே ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. யாரும் வற்புறுத்தாமல், அறிந்து எடுக்கும் முடிவே ஞானஸ்நானம் என்ற ஒரே கொள்கைக்காக மாய்க்கன் வென்ஸ் எரிந்தார். நானூற்றைம்பது ஆண்டுக்குப்பின் அதே ஞானஸ்நானம் கல்யாணத்துக்கு நுழைவுச்சீட்டாகிவிட்டது. மறுப்பவளுக்குக் கணவன் இல்லை, வீடு இல்லை, ஊரில் இடமும் இல்லை. இந்தப் பெண்களின் விசுவாசம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆழ்ந்து ஜெபிக்கிறவர்கள் அவர்கள். வேண்டாம் என்று சொல்லும் வழியை ஊர் அடைத்துவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

சபையில் ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். வாத்தியம் இல்லாமல் மிக மெதுவாக இழுத்துப் பாடுவார்கள். சபை முடிவுகளை எடுக்கும் கூட்டத்தில் ஆண்களுக்கு மட்டுமே குரல்.

சொத்தில் மட்டும் சமபங்கு

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கு நடுவே எதிர்பாராத ஒன்று, வைசனாம்ட் என்ற ஏற்பாடு. பொருள்: அநாதைகள் அலுவலகம். நடத்துவது சபை ஊரார். வேலை, கணவனோ மனைவியோ இறந்தால் சொத்தைப் பிரித்துக் கொடுப்பது. விதி பழையது, தெளிவானது:

1. சொத்தில் பாதி, உயிரோடிருக்கும் துணைக்கு. அது மனைவியானாலும் அப்படியே.

2. மீதிப் பாதி பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாக. மகன், மகள் வேறுபாடு இல்லை.

3. சிறுபிள்ளைகளின் பங்கு அலுவலகக் கணக்கில் எழுதப்படும். அவர்களுக்குக் காப்பாளர் நியமிக்கப்படுவார். பெரியவர்களானதும் பங்கு கைக்கு வரும்.

4. விதவை மறுமணம் செய்யும் முன், முதல் கணவரின் பிள்ளைகளுக்கு உரியதைக் கணக்குத் தீர்க்க வேண்டும்.

ஓர் உதாரணம். கணவர் இறக்கிறார், நிலம் 160 ஏக்கர், பிள்ளைகள் எட்டு. மனைவிக்கு 80. ஆளுக்கு 10 ஏக்கர் பங்கு, ஐந்து மகள்களுக்கும் அதேதான். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் விவசாயி மகளுக்கு இப்படி ஒரு உரிமை நினைத்தும் பார்க்க முடியாதது. ஆனால் இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. விதவையின் சார்பில் கணக்குப் பார்க்க ஓர் ஆண் துணையை நியமிப்பார்கள். உரிமை அவளுக்கு, பேசுவது அவன்.

விளைவையும் பாருங்கள். ஒரு வீட்டில் எட்டு, பத்துப் பிள்ளைகள், எல்லோருக்கும் பங்கு என்றால் இரண்டே தலைமுறையில் துண்டுநிலம் குடும்பத்துக்குப் போதாது. யாரோ ஒருவர் மற்றவர் பங்கை வாங்குகிறார், மற்றவர்கள் புதுக் காலனி தேடிக் கிளம்புகிறார்கள். ஆக, அக்கா சிவாவாவில், தங்கை சீமினோலில், அண்ணன் ஒன்டாரியோவில், சித்தி பொலிவியாவில் என்று ஒரே குடும்பம் நான்கு நாட்டில் நிற்கிறது. கல்யாணம், சாவு, அறுவடை வேலை என்று போக்குவரத்து ஓயாமல் நடக்கிறது.

கல்யாணம் சபையில், குடியுரிமை சிக்கலில்

இந்தப் போக்குவரத்தில் சட்டம் குறுக்கிட்ட ஒரு விவகாரம் பெண்களின் வாழ்க்கையை நேராகத் தாக்கியது. மெக்சிகோவில் பதிவுத் திருமணம் மட்டுமே செல்லும். பழைய காலனி மக்கள் பலர் சபையில் மணமுடித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். கனடாவின் 1947 குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை முறைப்படி மணந்த தந்தை வழியாக வர வேண்டும், மணமாகாத தாய்க்குப் பிறந்தால் தாய் வழியாக. பல பத்தாண்டு கழித்து அதிகாரிகள் பழைய தாள்களைப் பார்த்து, உன் தாத்தா பாட்டியின் திருமணமே செல்லாது, ஆகவே உன் அப்பா கனடியர் ஆகவே இல்லை என்று சொன்னார்கள். ஊரே கூடிச் சாட்சி நின்ற கல்யாணம், பத்துப் பிள்ளை பெற்ற பாட்டி, காகிதத்தில் மணமாகாதவள். 2009-ல் வந்த சட்டத்திருத்தம் பலருக்கு இதைச் சரிசெய்தது. அரசு அலுவலகம் என்றாலே ஒதுங்கும் பழக்கத்துக்கு இதுவும் உரம் போட்டிருக்கும்.

மொழி இல்லாத இடத்தில் நடந்த கொடுமை

பொலிவியாவில் மனிடோபா என்ற பெயரிலேயே ஒரு காலனி உண்டு. 2009-ல் அங்கே ஒரு குற்றம் வெளிவந்தது. பல ஆண்டுகளாக இரவில் வீடுகளுக்குள் மயக்கமருந்து தெளித்து, பெண்களையும் சிறுமிகளையும் ஊர் ஆண்கள் சிலர் பலாத்காரம் செய்துவந்திருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். காலையில் தலைவலியோடும் காயத்தோடும் எழுந்தவர்களிடம், பிசாசின் வேலை என்றும் வெறும் கற்பனை என்றும் சொல்லப்பட்டது. 2011-ல் நீதிமன்றம் ஏழு பேருக்கு 25 ஆண்டும், மருந்து கொடுத்தவருக்கு 12 ஆண்டும் சிறை விதித்தது.

பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்பானிஷ் தெரியாது. போலீசிடம் தனியாகப் போய்ப் புகார் சொல்ல வழியில்லை. மன்னிப்பது கிறிஸ்தவக் கடமை என்ற போதனை, நீதி கேட்பதற்கு முன்னாலேயே அவர்கள்மேல் வைக்கப்பட்டது. பன்னிரண்டு வயதில் பள்ளியை நிறுத்துவது பக்தியைக் காக்க என்று சொல்கிறவர்கள், அதே ஏற்பாடு யாரைக் காத்தது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது தட்டம்மைக்கு வருவோம்

தட்டம்மை கண்ட ஒருவர், தடுப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுக்க முடியும். ஊரில் சுமார் 95 சதவீதம் பேருக்குத் தடுப்பாற்றல் இருந்தால்தான் பரவல் நிற்கும். கெயின்ஸ் கவுண்டியில் மழலையர் வகுப்புப் பிள்ளைகளில் சுமார் 18 சதவீதத்தினர் தடுப்பூசி விலக்குப் பெற்றிருந்தார்கள். அதுவும் பள்ளிக் கணக்கில் வந்தவர்கள் மட்டும். மேலே பார்த்த வாழ்க்கையை இதோடு சேர்த்தால் படிப்படியாக விளங்கும்:

1. பிள்ளைகள் வீட்டிலோ சபை நடத்தும் சிறு பள்ளியிலோ படிக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஒன்டாரியோவிலும் தடுப்பூசியை உறுதிசெய்யும் முக்கியக் கதவு அரசுப் பள்ளிச் சேர்க்கை. அந்தக் கதவு வழியாக இவர்களில் பலர் போவதே இல்லை.

2. பிள்ளைக்கு என்ன மருந்து என்று தீர்மானிப்பது தாய். அவளுடைய தகவல் வருவது அம்மா, அக்கா, மருத்துவச்சி, ஞாயிறு ஃபாஸ்பா வழியாக. தடுப்பூசியால் ஒரு பிள்ளைக்கு ஏதோ ஆயிற்று என்று ஒரு கதை அந்த வட்டத்துக்குள் நுழைந்தால், மறுத்துச் சொல்ல அவள் நம்பும் இன்னொரு குரல் கிடையாது.

3. உறவு நாலு நாட்டில். ஒன்டாரியோப் பரவலின் தொடக்கம் 2024 அக்டோபரில் நியூ பிரன்சுவிக்கில் நடந்த ஒரு மெனோனைட் கூடுகை. சிவாவாவின் முதல் நோயாளி, சீமினோலில் உறவினர் வீட்டுக்குப் போய்வந்த ஒரு சிறுவன். வைரஸ் போன பாதை மேலே பார்த்த சொத்துப் பிரிவினை வரைந்த பாதை.

4. பாதிப்பு மெனோனைட்களோடு நிற்கவில்லை. சிவாவாவில் இறந்தவர்களில் பலர் பழங்குடி மக்கள். மெனோனைட் பண்ணைகளிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் கூலிக்கு வந்து, மருத்துவமனை எட்டாத தூரத்தில் வாழ்கிறவர்கள். செய்திகளில் அவர்களுக்கு ஒரு வரிகூடச் சரியாகக் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது.

எல்லா மெனோனைட் பெண்ணும் இவளல்ல

உலகெங்கும் இந்த மரபில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். மிகப்பெரிய சபை எத்தியோப்பியாவில் இருக்கிறது. ரஷ்யாவிலிருந்து வந்த மெனோனைட் மிஷனரிகள் 1889-லேயே இந்தியாவுக்கு வந்து நல்கொண்டாவில் பணி தொடங்கினார்கள். இன்று தெலங்கானாவின் மகபூப்நகர் வட்டாரத்து மெனோனைட் பெண்கள் தெலுங்கு பேசுகிறவர்கள், சேலை உடுத்துகிறவர்கள், பிள்ளைகளுக்கு எல்லோரையும் போல ஊசி போடுகிறவர்கள். 1911-ல் நெதர்லாந்தில் ஆன் செர்னிக்கேயும், பிலடெல்பியாவில் ஆன் ஆலபாக்கும் மெனோனைட் சபைகளில் போதகர்களாக அபிஷேகம் பெற்றார்கள். இங்கிலாந்துத் திருச்சபை முதல் பெண் குருவை ஏற்க 1994 ஆனது.

பழைய காலனித் தாயிடம் போய்ச் சேர வழி இல்லாமல் இல்லை. ஒன்டாரியோவின் ஏல்மர் ஊரில் மெனோனைட் சமூக சேவை அமைப்பு ஒன்று கீழ்ஜெர்மனிலேயே ஒரு வானொலி நடத்துகிறது. நிலையத்தின் பெயர் 'டி பிரிக்', பாலம் என்று அர்த்தம். கீழ்ஜெர்மன் பெரும்பாலும் பேச்சுமொழி. அதில் எழுதிப் படிக்கும் பழக்கம் பல வீடுகளில் கிடையாது. அதனால் அச்சடித்த துண்டறிக்கை நுழையாத சமையலறைக்குள் இந்த வானொலி நுழைகிறது. மருத்துவத் தகவலும் வேலைவாய்ப்பும் பள்ளிச் செய்தியும் அவள் சிந்திக்கும் மொழியிலேயே காதில் விழுகின்றன. அந்த மொழி பேசும் செவிலியரும் மொழிபெயர்ப்பாளரும் எந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அடுத்த பரவலின் அளவு அமையும்.